சோலைவரி அறிவித்தல் வந்த பிறகல்ல, அதற்கு முன்பு பேசுங்கள்

பொங்கல் முடிந்து ஒரு கிழமைக்குள் என் அலுவலகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கையில் சோலைவரி (வீடு, காணிக்காக உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் வரி) அறிவித்தல், முகத்தில் கோபம். "சேர், இதுக்கு ஒரு கேஸ் போடேலாதா?" என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை பேருக்குத்தான் ஒரே பதிலைச் சொல்வது என்று இந்த முறை எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாக வந்தவர் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்த ஓர் அம்மா. அறிவித்தலைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்திருக்கிறார், மடிப்பெல்லாம் விபூதி. வரியைக் கணக்கிட வீட்டுக்குப் போடும் வருடாந்தப் பெறுமதி நன்றாகக் கூடியிருந்தது. ஆட்சேபனை தெரிவிக்கக் கொடுத்த திகதியோ எப்போதோ போய்விட்டது. ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "அம்மப்பாட பேர்தானே இருந்திச்சு. எங்களுக்கு இல்லையெண்டு நினைச்சன் சேர்."

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. காணி உறுதி எழுதுகிறோம், பதிகிறோம், பந்தி வைக்கிறோம். சபையின் வரிப் பதிவேட்டில் மட்டும் இரண்டு தலைமுறைக்கு முந்திய பெயர் அப்படியே கிடக்கிறது. அந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. உறுதி முடிந்த கையோடு அதன் பிரதியைச் சபையில் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். (மாற்றிய பிறகும் வரிச்சிட்டை உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் காணி உங்களுடையதாகாது. உரித்தைக் காட்டுவது உறுதி.)

சரி, என்னை அதிகம் அலுக்க வைக்கும் விசயத்துக்கு வருகிறேன். "சபை வரியைக் கூட்டிப்போட்டுது" என்று எல்லாரும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, உங்கள் வீட்டின் வருடாந்தப் பெறுமதி. அது காணியின் விலை இல்லை. அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பு. அதைக் கணிப்பது விலைமதிப்புத் திணைக்களம். இரண்டாவது, அந்தப் பெறுமதியில் எத்தனை வீதம் வரியாக எடுப்பது என்பது. அதைத் தீர்மானிப்பது சபை. ஓர் உதாரணத்துக்கு, பெறுமதி 60,000 ரூபாய், வீதம் 8 என்று வையுங்கள். வருடத்துக்கு 4,800, காலாண்டுக்கு 1,200. அடுத்த மதிப்பீட்டில் பெறுமதி 1,20,000 ஆகி, சபை வீதத்தை 4 ஆக இறக்கினால், நீங்கள் கட்டுவது அதே 4,800தான். வீதத்தைத் தொடாமல் விட்டால் 9,600.

அதனால் எதை எங்கே பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் உங்கள் பெறுமதி பொருந்தவில்லையா? அறிவித்தலில் சொன்ன திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். வீதம் அதிகமா? அதைச் சபை தீர்மானிக்கும் முன்பு உங்கள் வட்டார உறுப்பினரிடம் போங்கள். பெறுமதியைப் பற்றி உறுப்பினரோடு சண்டை பிடிப்பதாலோ, வீதத்தைப் பற்றி ஆட்சேபனைப் படிவத்தில் இரண்டு பக்கம் எழுதுவதாலோ ஒரு ரூபாயும் குறையாது. அப்புறம், 2024 இல் சர்வதேச நாணய நிதியத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட சொத்து வரியை இதோடு குழப்பிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது மத்திய அரசின் பேச்சு. சோலைவரி உள்ளூராட்சிச் சட்டங்களின் கீழ் நெடுங்காலமாக இருப்பது.

"என்ட ஒழுங்கையில லைட் இல்லை, நான் ஏன் கட்டோணும்?" என்பதும் அடிக்கடி கேட்பதுதான். கோபம் நியாயம். ஆனால் கட்டாமல் விட்டால் நிலுவை ஏறும், அதை அறவிடச் சபை எடுக்கும் வாரண்டின் செலவும் சேரும், நாளை வீட்டை விற்க என்னிடம் வரும்போது அவ்வளவும் மேசைக்கு வரும். ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதக் கழிவு இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். லைட்டுக்கான சண்டையைப் பாதீட்டில், அதாவது சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில், பிடியுங்கள்.

பாதீடு என்றாலே உறுப்பினர்கள் கத்திக்கொள்ளும் கூட்டம் என்று ஒதுங்குகிறார்கள். 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை சபைகளில் தெரிவான உறுப்பினர்களே இல்லை, கேட்க ஆளில்லை என்ற பழக்கமும் வந்துவிட்டது. இப்போது ஆள் இருக்கிறார்கள். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் அடுத்த வருடப் பாதீடு டிசம்பர் முடிய முன் நிறைவேற வேண்டும். அதற்கு முன்னால் பொதுமக்களிடம் முன்மொழிவு கேட்டு அறிவித்தல் போடுகிறார்கள், நகலைப் பார்வைக்கும் வைக்கிறார்கள். அந்த நேரம்தான் எங்களுக்கு மாரி. வாசலில் வெள்ளம் நிற்கிறது, உறுப்பினருக்கு இரவு பத்து மணிக்கு போன் போகிறது. அடுத்த வருடம் உங்கள் வடிகானுக்குக் காசு ஒதுக்குவதா இல்லையா என்ற கடதாசி அதே கிழமையில் சபை மேசையில் கிடக்கிறது. அதைப் போய்ப் பார்த்தவர் யார்?

தயவுசெய்து ஒரு முறை போய்ப் பாருங்கள். முழுப் புத்தகத்தையும் படிக்கத் தேவையில்லை. வருமானப் பக்கத்தில் சோலைவரி நிலுவையும் கடை வாடகையும், செலவுப் பக்கத்தில் வடிகானும் குப்பையும், போன வருடம் ஒதுக்கியதில் உண்மையில் எவ்வளவு செலவானது என்பதும் போதும். காட்ட மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

முன்மொழிவு எழுதும்போது "எங்கள் பகுதியை அபிவிருத்தி செய்யுங்கள்" என்று எழுதாதீர்கள். எந்த ஒழுங்கை, எந்த வீட்டிலிருந்து எந்த மதகு வரை, எத்தனை அடி, எத்தனை குடும்பம், மாரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, இவ்வளவையும் எழுதி, ஒழுங்கைக்காரர் எல்லாரிடமும் ஒப்பம் வாங்குங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் சபையின் திகதி முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.