சக்கரம் இறங்கியது, பூட்டவில்லை

விமானத்தின் சக்கரத்தை வெளியே தள்ளப் பெரிய பலம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மேலே இழுக்கத்தான் பலம் வேண்டும். கீழே வர அதன் சொந்தப் பாரமே பெரும்பாலும் போதும். அதனால்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானாலும், சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் பூட்டை விமானி கையால் விடுவித்துச் சக்கரத்தை இறக்க முடிகிறது.

சரி, விழுந்தால் மட்டும் போதுமா? மெதுவாக விழவேண்டும். அதற்குத்தான் ஆக்சுவேட்டர் என்ற நீண்ட உருளை. உள்ளே இருக்கும் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகப் பிதுங்கித்தான் போகவேண்டும், ஆகவே சக்கரம் நிதானமாக இறங்கும். கடைசியில் மடிப்புத் தாங்கி ஒன்று, நிற்கும்போது முழங்கால் நிமிர்வதுபோல், நேராகிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம்தான் விமானி முன்னால் பச்சை விளக்கு எரியும்.

2007 செப்டம்பர் 9 அன்று டென்மார்க்கின் ஆல்போர்க் நகருக்கு 73 பேருடன் வந்த, ஸ்காண்டினேவியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டாஷ் 8 கியூ400 என்ற சிறிய விமானத்தில், வலப்பக்கச் சக்கரத்துக்கு அந்த விளக்கு எரியவில்லை. ஓடுபாதையைத் தொட்டதும் அந்தக் கால் மடிந்தது. சுழலி (ப்ரொப்பெல்லர்) தரையில் அடித்து உடைந்து, அதன் துண்டு பயணிகள் பகுதியைத் துளைத்தது. சுழலிக்கு அருகில் இருந்தவர்களை முன்கூட்டியே வேறு இருக்கைகளுக்கு மாற்றியிருந்தார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். அந்த முன்யோசனையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

காரணம் துரு. ஆக்சுவேட்டரின் பிஸ்டன் தண்டும் அதன் முனையும் திருகுப் புரியால் இணைந்திருந்தன. அந்தப் புரி அரித்துப்போய், தண்டு கழன்றுவிட்டது. பிடிமானம் இல்லாத சக்கரம் தடாலென விழுந்து, தன்னைப் பூட்டவேண்டிய தாங்கியையே உடைத்துவிட்டது.

நம் மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலை பிட்டர்மாருக்கு இந்த நோய் புதிதில்லை. ஹட்டன், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழையும் பனிமூட்டமும் மாதக்கணக்கில் விடாது. ரோலர் மெஷினின் போல்ட் தலையில் பெயின்ட் அப்படியே இருக்கும். நட்டைக் கழற்றினால் உள்ளே புரி செம்பொடியாக உதிரும். வெளிப்பரப்பு காற்றில் காய்ந்துவிடுகிறது, இடுக்குக்குள் புகுந்த ஈரம் காய்வதில்லை. இடுக்கின் ஆழத்தில் ஒட்சிசன் தீர்ந்துபோகும், வாய்ப்பக்கம் தாராளமாக இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வே சின்ன மின்கலமாகி, ஆழத்தில் உள்ள உலோகத்தைக் கரைக்கிறது. கரைவது கண்ணுக்கு எட்டாத இடத்தில் என்பதுதான் கொடுமை. வெளியே டோர்ச் அடித்துப் பார்ப்பதால் பயனில்லை, கழற்றியே பார்க்கவேண்டும்.

மூன்றே நாளில், செப்டம்பர் 12 அன்று, லித்துவேனியாவின் வில்னியஸில் அதே நிறுவனத்தின் இன்னொரு கியூ400 அதே விதமாகச் சரிந்தது. ஒக்டோபர் 27 அன்று கோபன்ஹேகனில் மூன்றாவது. இந்த முறை சக்கரம் இறங்கவே இல்லை. துருவும் காரணமில்லை: பராமரிப்பு வேலைக்குப் பின் இடம் மாறிப்போன, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ‘ஓ’ வடிவ வளையம் ஒன்று, ஆக்சுவேட்டருக்குள் எண்ணெய் போகும் அந்தச் சின்னத் துளையை அடைத்திருந்தது. மூன்று விபத்துகளிலும் யாரும் உயிரிழக்கவில்லை. மறுநாளே அந்த நிறுவனம் தன் கியூ400 விமானங்கள் அத்தனையையும் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கிக்கொண்டது.