ஓடை யாருடையது என்று கோர்ட்டுக்கு வருவதற்கு முன்

இந்த மாதமும் அதே மாதிரி ஒரு வழக்குக் கட்டு வக்கீலான என் மேசைக்கு வந்துவிட்டது. ராமநாதபுரம் கடலோரத்தில் அடுத்தடுத்து இரண்டு ஊராட்சிகள், நடுவில் ஒரு ஓடை, அது கடலில் சேரும் இடத்தில் குப்பைமேடு. மனுதாரர் வைத்திருக்கும் போட்டோவில் டிராக்டர் பின்பக்கமாக ஓடைக்குள் இறங்கி நிற்கிறது. தொட்டி பாதி தூக்கியிருக்க, கீழே கிழிந்த நைலான் வலை, கேரிபேக், கோழிக்கடைக் கழிவு எல்லாம் ஒன்றாகச் சரிகின்றன. இரண்டு ஊராட்சிகளும் தாக்கல் செய்த பதில் மனுவில் ஒரே வரி: 'மேற்படி இடம் எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல.' எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படத்தை விரித்தால் ஓடையின் நடுவில்தான் எல்லைக்கோடு ஓடுகிறது. அப்புறம் என்ன, வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் குப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

உயர் நீதிமன்ற மதுரை அமர்வில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்பான எண்ணம்: "கடல் பூங்கா வனத்துறையுடையது, பஞ்சாயத்துக்கு அங்கே என்ன வேலை?"

சரி, கடலோர ஊராட்சித் தலைவர்களே, பார்ப்போம். இந்தக் கரையை ஒட்டிய கடலில் இருக்கும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டமாக 21 தீவுகள், சுமார் 560 சதுர கிலோமீட்டர். தீவில் யார் இறங்குகிறார்கள், பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை படகில் இருக்கிறதா என்று வனத்துறை பார்க்கும். ஆனால் உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போய் விழ வேண்டும் என்று வனத்துறையா முடிவு செய்கிறது? குப்பை டிராக்டர் எங்கே கொட்ட வேண்டும் என்று ரேஞ்சரா சொல்கிறார்? வாய்க்கால், குப்பை, தெரு, கட்டட அனுமதி எல்லாம் உள்ளாட்சியிடம்தான் வருகின்றன. அந்தக் கரையில் ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி, மண்டபம் பேரூராட்சி, தூத்துக்குடி மாநகராட்சி, இடையில் வரிசையாக ஊராட்சிகள், எல்லாம் இரண்டு மாவட்டங்களில். ஒரு ஊர் சுத்தமாக இருந்து பக்கத்து ஊர் கொட்டினால் நீரோட்டம் அதை இங்கேதான் கொண்டுவந்து சேர்க்கும். சேறும் சாக்கடையும் படிந்தால் பவளப்பாறை என்னாகும் என்று கடலோரத்துக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தாங்க எதுவும் மிஞ்சவில்லை. வான் தீவைக் காப்பாற்ற இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸில் 1991 உள்ளாட்சிச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் கடலை நகராட்சிகளின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஒரே விரிகுடாவைச் சுற்றியுள்ள நகராட்சிகள் கூட்டமைப்பு வைத்துக்கொண்டு ரோந்து போகின்றன. நமக்கு அந்த அதிகாரம் இல்லை, உண்மைதான். அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள். அரசமைப்பின் 11-ஆம் அட்டவணையில் மீன்வளம் இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் அது காகிதத்தோடு நிற்கிறது. பக்கத்து ஊராட்சியோடு கூட்டுக் குழு அமைக்க ஊராட்சிச் சட்டத்திலேயே இடம் உண்டு. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு உண்டு. அதில் பாரம்பரியக் கடலோர மக்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார் என்று எத்தனை தலைவர்களுக்குத் தெரியும்?

அதனால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முதலில் ஓடை முகத்துக்கு டிராக்டர் போவதை இன்றைக்கே நிறுத்துங்கள், எல்லை யாருடையதாக இருந்தாலும். இரண்டு ஊர்த் தலைவரும் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் நேரில் போய் அளந்து, அங்கேயே எழுதும் மகஜர் அறிக்கையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு கிராம சபையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். வாசகம் மாறினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பி.டி.ஓ.) ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியதெல்லாம் மனு கொடுத்ததாக ஆகாது. பல்லுயிர்க் குழு தன் பதிவேட்டை எழுத உட்காரும்போது கடல்பாசி எடுக்கும் பெண்களைக் கூப்பிடுங்கள். எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிப் பாறைத்திட்டில், என்ன மாறியிருக்கிறது என்று அவர்கள் அளவுக்கு யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூங்காவுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன அதே ஊரிலிருந்துதான், கூலிக்கு முங்கப் போய்க் கடல் அட்டையோடு பிடிபட்ட பையனுக்கு ஜாமீன் கேட்டு அம்மாக்கள் பஸ் ஏறி மதுரைக்கு வருகிறார்கள். கடல் அட்டை 2001-லிருந்து தடையில் இருப்பதை அந்தப் பையனுக்கு ஊராட்சி ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

மதுரைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வைகையில் நாம் விடுவது ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், வெள்ளம் வரும் வருஷம் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் பாக் விரிகுடாவில் போய்ச் சேர்கிறது. கடலோர ஊராட்சிகள் கூடிப் பேசும்போது மதுரை மாநகராட்சிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு முன்னால் பக்கத்து ஊர்ச் செயலரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். தீர்மான வாசகம் எழுத வரவில்லை என்றால் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன், ஃபீஸ் எதுவும் வேண்டாம்.