வானவில்லைக் கொண்டு அளக்காதீர்கள்

நிறுவனம் ஒன்றுக்கு விற்பனை நிலவரத்தைக் காட்டும் டேஷ்போர்டு செய்து கொடுத்தேன். இலக்கை எட்டிய கிளைக்குப் பச்சைப் புள்ளி, எட்டாத கிளைக்குச் சிவப்புப் புள்ளி. மூன்று கூட்டங்களிலும் அதன் மேலாளர் திரையைக் காட்டி, "இந்தக் கிளை எப்படி, தேறியதா?" என்று உதவியாளரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கக்கூடச் சோம்பலா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். நான்காவது கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்து, "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் சார்" என்றார். அத்தனை நாள் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். கூச்சப்பட்டிருக்க வேண்டியவன் நான்.

இந்தக் குறைபாடு ஆண்களிடமே அதிகம். அதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றுதான், அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. புள்ளிகளை வட்டமாகவும் முக்கோணமாகவும் மாற்றினேன், அவருடைய சிக்கல் தீர்ந்தது.

பார்வையில் எந்தக் குறையும் இல்லாதவர்களையும் ஏமாற்றும் நிறங்கள் உண்டு. விஞ்ஞானப் படங்களில் சளைக்காமல் வந்துபோகும் வானவில் நிறவரிசை அப்படிப்பட்டது. குறைந்த அளவுக்கு நீலம் என்று தொடங்கி, பச்சை, மஞ்சள் வழியாக, உச்ச அளவுக்குச் சிவப்பு என்று முடியும். பள்ளியில் ஏழு நிறங்களையும் வரிசையாக ஒப்பித்திருக்கிறோம். ஆனால் அது அலைநீளத்தின் வரிசை. மஞ்சள் பெரியதா, பச்சை பெரியதா என்று ஒரு குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள், விழிக்கும். வெளிர்சாம்பல், அடர்சாம்பல், கறுப்பு என்று மூன்று அட்டைகளைக் கொடுத்தால் உடனே அடுக்கிவிடும். கண்ணுக்கு வரிசை தெரிவது வெளிச்ச வேறுபாட்டில்தான். வானவில்லிலோ நடுவில் இருக்கும் மஞ்சள் பளிச்சென்று துருத்திக்கொண்டு நிற்கிறது, உச்ச அளவைக் குறிக்கும் சிவப்பு மங்கிக் கிடக்கிறது. பச்சை நீண்டு பரவி, தனக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை விழுங்கிவிடுகிறது. நிறம் சட்டென மாறும் இடத்திலோ, தரவில் இல்லாத ஓர் எல்லைக்கோடு முளைக்கிறது.

இது வெறும் அழகியல் சண்டை அல்ல என்பதை 2011இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மிஷெல் போர்கின் குழுவினர் காட்டினார்கள். ரத்த ஓட்டம் இதயத் தமனியின் உட்சுவரை உரசும் விசை குறைவாக உள்ள இடங்களில் அடைப்பு உருவாகும் வாய்ப்பு அதிகம். அந்த இடங்களை மருத்துவத் துறையினர் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமான முப்பரிமாண வானவில் படத்தில் அவர்கள் கண்டுபிடித்தது 39 சதவீதம். தமனியைத் தட்டையாக விரித்து, கிளைவிட்ட மரம்போல வரைந்தபோது 62. வானவில்லையும் எடுத்துவிட்டு, ஆபத்தான இடங்கள் மட்டும் சிவப்பாகத் தெரியும்படி மாற்றியதும் 91. தரவு மாறவில்லை, வரைந்த விதம் மட்டுமே மாறியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, "நிறம் ஒரு பெரிய விஷயமா?" என்று யார் கேட்டாலும் இதைத்தான் எடுத்துப் போடுகிறேன்.

மென்பொருள் செய்பவர்களுக்கும் இது மெல்ல உறைத்தது. மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள், நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வரும் நிறவரிசையாக வானவில்லை வைத்திருந்ததை 2014இல் கைவிட்டது. பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் 2017இல் விரிடிஸ் என்ற நிறவரிசைக்கு மாறியது. அடர் ஊதாவில் தொடங்கி மஞ்சள்வரை சீராக வெளிச்சம் ஏறும் வரிசை அது. ஆனாலும் என்னிடம் வருபவர்களில் பலர் இன்றும், "கொஞ்சம் கலர்ஃபுல்லாக இருக்கட்டுமே" என்று பழைய வானவில்லையே கேட்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. அவர்கள் படத்தையே கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கையில் கொடுத்து, "இதில் அளவு அதிகமான இடம் எது?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் விரல் போய் நிற்பது, வண்ணப் படத்தில் நடுவே மஞ்சளாக இருந்த இடத்தின் மேல்.