டெப்த்: ஆழம் அல்ல, பின்பலம்

அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஓயாமல் அடிபடும் ஒரு தொடர் ‘ஆஃபென்சிவ் லைன் டெப்த்’. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தாக்குதல் கோட்டின் ஆழம்’ என்று வரும். மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள்தாம். படிப்பவருக்குத்தான் ஒன்றும் விளங்காது. மூன்றில் அதிகம் வழுக்குவது டெப்த். ஆனால் மற்ற இரண்டையும் துலக்காமல் அதைத் துலக்க முடியாது.

ஆஃபென்ஸ் என்பது பந்தை வைத்திருக்கும் தரப்பு. அதன் லைனில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். பாய்ந்து வரும் எதிரணியினரிடமிருந்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்து கொடுப்பதும் இவர்கள் வேலை. கபடி பார்த்துப் பழகிய நமக்கு டாக்கிள் என்றால் பிடித்து மடக்குவது. இங்கோ அந்தப் பெயரைத் தாங்கிய வீரர் எதிராளியைக் கட்டிப் பிடித்தால் அவருடைய அணிக்குப் பத்து கெஜம் தண்டனை. இவர்களைத் ‘தாக்குதல் வரிசை’ என்று எழுதினால் செய்யும் வேலைக்கு நேர்மாறான பொருள் வந்துவிடுகிறது. ‘காப்பு வரிசை’ என்பதே சரி.

இனி டெப்த். லாங் என்பதிலிருந்து லெங்த் பிறந்ததைப் போல டீப் என்பதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இது. நீரின் ஆழத்தைக் குறிப்பது எல்லோருக்கும் தெரிந்த பொருள். படை வகுப்பில் இதற்குத் தனிப்பொருள் உண்டு: முன்னாலிருந்து பின்னாக எத்தனை வரிசை வீரர்கள் நிற்கிறார்கள் என்ற கணக்கு. கி.மு. 371இல் லூக்ட்ரா போரில் ஸ்பார்ட்டாவின் படை 12 வரிசையாக நின்றது; தீப்ஸ் தன் இடப்பக்கத்தை 50 வரிசையாக நிறுத்தி வென்றது. முன்னால் நிற்பவன் சாய்ந்தால் அந்த இடத்தை நிரப்பப் பின்னால் ஒருவன் இருக்கிறானா என்பதே அங்கே டெப்த். விளையாட்டு வழக்கு இந்தப் பொருளை ஒட்டியே நடக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தில் அதற்குப் பெரிய தேவை இருக்கவில்லை. அதே வீரர்களே தாக்கவும் தடுக்கவும் களத்தில் நின்றார்கள். ஆள் மாற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1950இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். கட்டற்ற மாற்றத்தை நிரந்தரமாக ஏற்றபின்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தேர்ச்சி உள்ளவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மதிப்பு வந்தது.

காப்பு வரிசையில் இந்தக் கணக்கு மிகவும் இறுக்கமானது. அணியில் 53 பேர். ஆட்ட நாளில் 48 பேர் களத்துக்குத் தயாராக இருக்கலாம். ஆனால் அவர்களில் எட்டுப் பேராவது காப்பு வரிசையினராக இருக்க வேண்டும் என்று என்.எஃப்.எல்.லுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2020ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்கிறது. எட்டில் ஐந்து பேர் ஆடுவார்கள், மூன்று பேர் காத்திருப்பார்கள். ஐந்து இடங்களுக்கு மூன்றே மூன்று மாற்றாட்கள்! அதனால்தான் இடம் வலம் இரண்டு ஓரங்களிலும் நிற்கத் தெரிந்த ‘ஸ்விங் டாக்கிள்’ ஒருவரை ஒவ்வோர் அணியும் தேடி அலைகிறது. இடப்பக்கம் பழகியவர் வலப்பக்கம் போனால் கால்வைப்பும் கைவீச்சும் கண்ணாடி பிம்பம்போலத் தலைகீழாகிவிடும். தலைகளை எண்ணிப் பார்த்து டெப்த் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இதைக் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியைப் போலப் பட்டறிந்தவர்கள் குறைவு. 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் அதன் கார்டு லாரன்ட் டுவெர்னே-டார்டிஃப், மருத்துவரும் கூட, பெருந்தொற்றில் நோயாளிகளுக்குப் பணியாற்றக் கியூபெக்கிலேயே தங்கிவிட்டார். பருவத்தின் இடையிலேயே வலப்புற டாக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் விலகினார். இறுதிப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு இடப்புற டாக்கிள் எரிக் ஃபிஷரின் குதிகால் தசைநார் அறுந்தது. 2021 பிப்ரவரியில் நடந்த, சூப்பர் போல் என்ற அந்த இறுதிப் போட்டியில், உலகின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான பேட்ரிக் மஹோம்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தார். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட அணிக்குக் கிடைக்கவில்லை. தம்பா பே 31–9 என்று வென்றது. அடுத்த பருவத்தைச் சீஃப்ஸ் காப்பு வரிசையில் ஐந்து புதிய முகங்களோடு தொடங்கியது. இரண்டாண்டு கழித்து, அந்தப் பருவத்தில் 70 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்தியிருந்த ஃபிலடெல்ஃபியாவால் மஹோம்ஸை இறுதிப் போட்டியில் ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் பழைய ஓட்டை மறுபடி திறந்தது. இடப்புற ஓரத்துக்குத் தகுந்த ஆள் இல்லாமல், கார்டாக நின்ற ஜோ தூனியை அங்கே நகர்த்தினார்கள். ஓரிடத்தை அடைக்கப் போய் இரண்டு இடம் பலவீனமானது. மஹோம்ஸ் ஆறு முறை வீழ்ந்தார்; ஃபிலடெல்ஃபியா 40–22 என்று வென்றது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘ஆழம்’ கிணற்றுக்கும் அறிவுக்கும் பொருந்தும். பின்னால் நிற்கும் ஆளை அது காட்டாது. ‘மாற்று வீரர்கள்’ என்பது ஆட்களைக் குறிக்கிறது, அணியின் தன்மையைக் குறிக்கவில்லை. பின் நிற்கும் அணி என்ற பொருளில் ‘பின்னணி’ அச்சாகப் பொருந்தியிருக்கும். அந்தச் சொல் பாடகர்களோடும் இசையோடும் போய்விட்டது, இனித் திரும்பாது. படையின் பின்வரிசைக்குப் பழந்தமிழ்ச் சொல் ‘கூழை’. தொல்காப்பியம் போரைப் பாடும் தும்பைத் திணையில் கூழை தாங்கும் வீரனைத் தனித் துறையாகவே வைத்திருக்கிறது. பகைவர் வேந்தனை மொய்த்துக்கொள்ளும்போது ஒருவன் திரும்பி வந்து காக்கும் ‘தார்நிலை’யும் அங்கேயே இருக்கிறது. குவார்ட்டர்பேக்கைச் சுற்றி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துறைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கூழை என்றால் இன்றைய காதுக்குக் கூழைக்கும்பிடுதான் கேட்கும்.

என் தேர்வு ‘பின்பலம்’. ‘அவருக்குப் பின்பலம் இருக்கிறது’ என்று அன்றாடம் சொல்கிறோம். பின்னால் என்ற இடமும், பலம் என்ற தன்மையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘காப்பு வரிசையில் பின்பலம் இல்லாத அணி’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பு தேவையில்லை. இடத்துக்கு இன்னார், அவருக்கு அடுத்து இன்னார் என்று காட்டும் ‘டெப்த் சார்ட்’டுக்கு ‘அடுக்குப் பட்டியல்’ போதும். வாக்குப்பெட்டிகளுக்கு மூன்றடுக்குப் பாதுகாப்பு என்று செய்தித்தாள்கள் எழுதிப் பழக்கிய சொல் அது.

இன்னொன்று: ‘பில்ட் டெப்த்’ என்ற ஆங்கிலத்தைப் பார்த்துப் பின்பலத்தைக் ‘கட்டியெழுப்ப’ வேண்டாம். சேர்க்கலாம், வளர்க்கலாம். ஃபிலடெல்ஃபியா வளர்த்தது. சிட்னியில் ரக்பி லீக் ஆடிவந்த ஜோர்டன் மைலாட்டா, இந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியிராதவர், 2018இல் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டின் கடைசிச் சுற்றில் 233ஆவது ஆளாகத் தேர்வானார். முதல் இரண்டு பருவங்களில் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அடி வைப்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார். 2020இல் முன்னால் நின்றவர் காயப்பட்டபோது இடம் கிடைத்தது. மஹோம்ஸ் ஆறு முறை வீழ்ந்த அந்த 2025 ஆட்டத்தில், எதிர்த்தரப்பின் இடப்புற ஓரத்தைக் காத்து நின்றவர் அவர்தான்.