‘குவிக்’ என்றால் எப்போதும் விரைவா?

"விரைவில் பிள்ளை பெறவிருக்கும் பெண்." சட்ட மொழிபெயர்ப்பில் இதை மறுபடியும் பார்த்தேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவு கருக்கலைப்புக் குற்றம் பற்றியது. அதில் வரும் ‘குவிக் வித் சைல்ட்’ (quick with child) என்ற தொடரைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்தத் தொடர், 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 312-வது பிரிவாக இருந்த காலத்திலிருந்தே தொடர்கிறது. அதற்கும் விரைவுக்கும் சம்பந்தமே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் குவிக் என்றால் உயிருள்ளது. லத்தீனின் ‘விவுஸ்’, வடமொழியின் ‘ஜீவ’ எல்லாம் ஒரே வேர்தான். உயிருள்ளது துள்ளும், ஓடும்; வேகம் என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது. ஓடித் திரியும் பாதரசம் ‘குவிக்சில்வர்’, அதாவது உயிருள்ள வெள்ளி. நகக்கண்ணும் குவிக்தான், ஒட்ட வெட்டினால் உயிர் போகிற இடம்.

சட்டத் தொடர் சொல்வது, வயிற்றுப் பிள்ளையின் அசைவைத் தாய் உணர்ந்துவிட்ட நிலையை. தலைப்பிள்ளை என்றால் பெரும்பாலும் ஐந்தாம் மாதவாக்கில் தெரியும். அந்த நிலைக்கு முன் என்றால் 3 ஆண்டு வரை சிறை. அதன் பின் என்றால் 7 ஆண்டு வரை. இந்த எல்லைக்கோட்டைத்தான் ‘விரைவில்’ என்ற சொல் பேறுகாலத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஐந்து மாதக் கர்ப்பிணியை யாராவது விரைவில் பெறப்போகிறவள் என்பார்களா?

சரி, ‘கரு துடிப்புற்ற’ என்று போடலாமே என்பார்கள். அதையும் ஏற்க மாட்டேன். இன்று துடிப்பு என்றால் எல்லோர் மனதிலும் இதயத்துடிப்புதான். ஸ்கேனில் அது ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்படிப் படித்தால் 3 ஆண்டுக்குரிய வழக்கு 7 ஆண்டுக்குப் போய்விடும். ‘உயிர்ப்புற்ற கரு’ வேர்ச்சொல்லுக்கு நெருக்கம்தான், கேட்கவும் அழகு. ஆனால் அதுவரை கருவில் உயிரே இல்லை என்று பொருள்படும். அதைப் பழைய ஆங்கிலேயச் சட்ட மரபு நம்பியிருக்கலாம், இன்றைய தமிழ் ஏன் சுமக்க வேண்டும்?

அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுவதே மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கேட்பது, "குழந்தை அசைவு தெரியுதாம்மா?" என்றுதான். ஆகவே, ‘கருவின் அசைவை உணர்ந்த பெண்’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் நீதிபதிக்கும் புரியும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் புரியும்.