ஸ்பர்ஸை வெல்லுதல்: குதிமுள்ளும் கழலும்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் செய்தி திருத்தும் மேசைக்கு ஒரு வரி வந்தது. இளம் பூப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் வெளிநாட்டுப் போட்டியில் "தன் ஸ்பர்ஸை வென்றார்" என்றிருந்தது; 'வின் ஒன்ஸ் ஸ்பர்ஸ்' என்ற ஆங்கில மரபுத்தொடரின் நேர் பெயர்ப்பு. பக்கத்து மேசைத் தம்பி எட்டிப் பார்த்து, "டோட்டன்ஹாமுக்கும் இவருக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றார். நியாயம்தான். கோலாலம்பூரில் ஸ்பர்ஸ் என்றால் காற்பந்து அணிதான்.

ஸ்பர் என்பது குதிமுள். குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டிக்கொள்வது. இடைக்கால ஐரோப்பாவில் பொன்முலாம் பூசிய குதிமுள் 'நைட்' என்ற வீரப் பட்டத்தின் அடையாளம். 1346இல் கிரெசிப் போரில் 16 வயது இங்கிலாந்து இளவரசர் நெருக்கடியில் சிக்க, உதவி கேட்டு ஆள் ஓடியது. காற்றாலை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா மூன்றாம் எட்வர்ட் அசையவில்லை. "குதிமுள்ளைப் பையனே சம்பாதிக்கட்டும்" என்றாராம். முதன்முதலாகத் தன் திறமையைக் காட்டிப் பெயர் வாங்குவதுதான் அந்தத் தொடரின் பொருள்.

நம் ஊர் வீரனுக்கும் அடையாளம் காலில்தான் இருந்தது: கழல் என்ற காலணிகலன். புறநானூறு 77ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கு வந்து நிற்கிறான். "கிண்கிணி களைந்தகால் ஒண்கழல் தொட்டு" என்கிறார் இடைக்குன்றூர் கிழார். குழந்தைச் சதங்கையைக் கழற்றிய காலில் வீரக்கழல்! கழுத்தில் குழந்தைக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலி அப்படியே இருக்கிறது. பால்குடி மறந்து சோறு தின்றதே இன்றைக்குத்தானாம். எட்வர்டின் பிள்ளை இவனுக்கு அண்ணன் முறை.

சரி, செய்தியில் என்ன போடுவது? "தன்னை நிரூபித்தார்" என்பது வேட்டி கட்டிய ஆங்கிலம். "முத்திரை பதித்தார்" தேய்ந்துபோனது. கடை திறந்தவருக்கும் அதையேதான் போடுகிறோம்.

எனக்குச் சொல் கிடைத்தது ரொட்டிக் கடையில். மாதக்கணக்கில் மாவு உருட்டிய பையனை ஞாயிறு காலைக் கூட்டத்தில் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார் கடைக்கார அண்ணன். முதல் வீச்சிலேயே மாவு கிழிந்தது. அதை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்ததைக் கண்ணாடி மாதிரி விசிறினான். அண்ணன் கல்லாவை விட்டு எழவேயில்லை. "தேறிட்டான்" என்றார்.

"தேறிவிட்டார்" என்றே திருத்தினேன். ஆசை விடாமல் தலைப்பில் மட்டும் கழலைச் சேர்த்துப் பார்த்தேன். தம்பி படித்துவிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, மறை கழன்றுவிட்டதா?"