மேலே போய்ச் சரிசெய்துகொள்ள முடியாது

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளக் காலை ஆறு மணிக்கே வந்து நின்றார் என் மாணவர். பளபளக்கும் நைலான் டிராக் சூட், காலில் ரப்பர் செருப்பு. "வெயிலுக்கு இதுதான் வசதி சார்" என்றார். அன்று அவரை விமானத்தில் ஏற்றவில்லை. முகம் வாடிப்போய்த் திரும்பினார்.

நாங்கள் பயிற்சி தரும் சிறிய விமானமான செஸ்னா 172-இல் ஒரே பெடலுக்கு இரண்டு வேலை. கீழ்ப்பாகத்தைத் தள்ளினால் ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை), மேல்நுனியை அழுத்தினால் பிரேக். எதை மிதிக்கிறோம் என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். கழன்ற செருப்பு பெடலுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால், தரையிறங்கும் நேரத்தில் குனிந்து எடுக்க முடியுமா? அடிப்பாகம் மெல்லிதாக உள்ள, நாடா கட்டிய ஷூ போதும். நைலானுக்கு வருவோம். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. எளிதில் தீப்பிடிக்காத, விலை உயர்ந்த நோமெக்ஸ் உடை இல்லாவிட்டாலும் முழுக்கைப் பருத்திச் சட்டை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

கடலோரம் பறப்பவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். இன்ஜின் நின்றால் இந்த விமானம் 1000 அடி உயரத்துக்குச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர்தான் காற்றில் மிதந்து வரும். கரை அதற்கு அப்பால் என்றால், உயிர்காப்பு அங்கியைப் பின் இருக்கையில் போட்டு வைப்பதும் வீட்டில் விட்டு வருவதும் ஒன்றே. அணிந்தே ஏறுங்கள், வெளியே வந்த பிறகே ஊதவிடுங்கள். 1996-இல் கொமோரோஸ் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் உள்ளேயே ஊதவிட்டு, ஏறிவரும் நீரில் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

இன்ஜின் புகையில் வரும், நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு இன்னொரு ஆபத்து. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற பைப்பர் மாலிபு என்ற சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவரது ரத்தத்தில் இந்த வாயு ஏறியிருந்த அளவு 58 சதவீதம். புகைபோக்கிச் சூட்டில் இயங்கும் ஹீட்டர் வழியேதான் அது உள்ளே வரும், நம் ஊரில் அதை யார் போடப்போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள், புகைபோக்கி விரிசலுக்கு ஊர் தெரியாது. இந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றைக் கண்ணெதிரே பொருத்திவிடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எரிபொருளை வடித்துப் பார்ப்பதைத்தான். 172எஸ் மாதிரியில் அதற்கு 13 இடங்கள். மழைக்கால விடியலில் ஒரு மாணவர் இறக்கைக்கு அடியில் வடித்த குவளையைத் தூக்கிக் காட்டி, "சுத்தம் சார், கோடே இல்லை" என்றார். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், நடுவில் கோடு தெரியும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். குவளையை வெள்ளைச் சுவரின் முன் பிடிக்கச் சொன்னேன். விமானத்துக்குப் போடும் 100எல்எல் பெட்ரோலின் இளநீலம் துளியும் இல்லை. மோந்து பார்த்தார், வாசனையும் இல்லை. குவளை முழுவதும் தண்ணீர், பிறகு கோடு எங்கிருந்து வரும்? நீலம் தெளிவாக வரும்வரை மேலும் நான்கு குவளை வடித்தோம். இரவு மழை எரிபொருள் மூடியின் தேய்ந்த ரப்பர் வழியே இறங்கியிருந்தது. அதை மாற்றும்வரை அந்த விமானம் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

கடைசியாக இருக்கை. பெல்ட் போட்டதும் இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பூட்டு சரியாக விழாத இருக்கை, மேலெழும் வேகத்தில் பின்னால் வழுக்கும். கை தானாகவே விமானத்தை இயக்கும் பிடியை இழுக்கும், விமானத்தின் மூக்கு செங்குத்தாக எழும்.